தேதி இல்லாத பட்டியல்

எங்கள் சங்கத்தில் ஆயுத பூஜைக்கு எதையெல்லாம் சாமி முன்னால் வைப்போம் என்று சொன்னால் வெளியாள் சிரிப்பான். வேன் சாவி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பிரிக்காத ஊசிப் பெட்டி, அலுவலக டெலிபோன். கீபோர்டுகளுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. மறுநாள் அந்தச் சந்தனம் எழுத்துகளுக்கு நடுவில் காய்ந்து இறுகிக் கிடக்கும். ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு அதைச் சுரண்டி எடுப்பது என் வேலை. பதினான்கு வருஷமாகச் சுரண்டுகிறேன்.

என் பெயர் முகுந்தன். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் நிலையங்கள் நான்கை நடத்தும் ஒரு தரும சங்கத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் பொறுப்பு. கிள்ளான், காஜாங், செலாயாங், பிரிக்பீல்ட்ஸ். தலைமை அலுவலகமும் பிரிக்பீல்ட்ஸில்தான், ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில். கம்ப்யூட்டர் ஓடுகிறவரைக்கும் என்னை யாருக்கும் தெரியாது. நின்றால் மட்டும் ‘எங்க அந்த முகுந்தன்’ என்று நான்கு ஊரிலிருந்தும் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு ஓர் எரிச்சலும் இருந்தது, ஒரு திமிரும் இருந்தது. திமிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

போன வருஷம் நான்கு நிலையங்களிலும் காகிதத்தை ஒழித்தது நான்தான். நோயாளியின் எடை, அவர் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கவேண்டும், என்ன மருந்து, எந்த மருந்து ஆகாது, வீட்டு டெலிபோன் எண், எல்லாம் சிஸ்டத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தால் ஸ்கேன் செய்துவிட்டுக் கிழித்துப் போடவேண்டும். பழைய ஃபைல்களை லோரி ஏற்றி அனுப்பிய அன்று கிள்ளான் நிலையத்து மார்க்கிரட் சிஸ்டர் மட்டும் வாசலில் நின்று முணுமுணுத்தார். இருபத்தாறு வருஷமாகத் தாதியாக இருப்பவர்.

“கரண்ட் போனா என்ன செய்வீங்க தம்பி?”

“பேட்டரி இருக்கு சிஸ்டர்.”

“சிஸ்டமே போச்சின்னா?”

“பேக்கப் இருக்கு சிஸ்டர். நீங்க கவலப்படாம இருங்க.”

செப்டம்பரில் ஒருநாள் கிள்ளானுக்குப் போயிருந்தேன். ஏழாம் நாற்காலிக்கு மேலே சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. சிவப்பு மார்க்கரில், முழங்கை நீளத்துக்கு: ‘ஹெப்பாரின் போடாதே.’ குழாயில் ஓடும் ரத்தம் உறையாமல் இருப்பதற்காக எல்லாருக்கும் போடுகிற மருந்து ஹெப்பாரின். ஏழாம் நாற்காலி பக்கிரிசாமிக்கு அது ஆகவில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து பிழைத்து வந்திருந்தார். இனி ஒரு சொட்டும் போடக்கூடாது, போட்டால் ஆள் தாங்கமாட்டார் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். பக்கிரிசாமி முன்பு லோரி ஓட்டியவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. யாரைப் பார்த்தாலும் இடது கையில் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார், எதிரே வரும் லோரிக்காரனுக்குக் காட்டுகிற மாதிரி. எனக்கும் காட்டினார்.

நான் அட்டையைத்தான் பார்த்தேன். “என்னா சிஸ்டர் இது, பாசார்ல வெல எழுதிப் போட்ட மாதிரி? நோயாளி விஷயத்த சுவத்துல ஒட்டக்கூடாது, சட்டம் இருக்கு” என்று பிய்த்து எடுத்தேன். “சிஸ்டத்துல போடுங்க. எங்கயும் போவாது.”

அவர் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த வரி திரையில் சிவப்பாகத் தெரியும்படி செய்து கொடுத்தேன். அப்படியே வேறு இரண்டு பேருடைய விவரத்தையும் அன்றைக்கே போட வைத்தேன். என் கண் முன்னால் நடந்தது இது. இதை மறக்கவேண்டாம்.

இனி பேக்கப். அதில் நான் சூரன் என்றுதான் நினைத்திருந்தேன். கையில் அடங்குகிற இரண்டு டிஸ்க். ஒன்று சர்வரில் மாட்டியிருக்கும், தினமும் எல்லாவற்றையும் நகல் எடுத்துவைக்கும். மற்றது இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டையும் மாற்றுவேன். இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டவே கூடாது. இணையத்தின் வழியாக எப்பேர்ப்பட்ட திருடன் நுழைந்தாலும் அலமாரிக்குள் இருப்பதை அவனால் தொடமுடியாது, அவ்வளவுதான் சூட்சுமம். கமிட்டிக் கூட்டத்தில் வாய் ஓயாமல் இதைச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் பூஜைக்கு இரண்டு டிஸ்க்கையும் நானே கொண்டுபோய் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. வேன்காரனுடைய சாவி இருக்கிறது, என் ஆயுதம் எங்கே என்று ஓர் அற்பப் பெருமை. ஐயர் இரண்டுக்கும் பொட்டு வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. எங்கள் தலைவர் சிவகுருநாதன், அரசாங்கத்தில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், இந்த விஷயத்தில் கறார். பூஜையில் வைத்தது ஒன்றுவிடாமல் நல்ல நேரத்துக்குள் ஒரு தடவை ஓடவேண்டும். வேனை முடுக்கவேண்டும். டெலிபோனில் யாரிடமாவது ஒரு வார்த்தை பேசவேண்டும். பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது. பத்து இருபதுக்கு ஐயர் கற்பூரத் தட்டோடு என் சர்வர் அறை வாசலில் நிற்கிறார், பின்னால் பட்டு வேட்டியில் கமிட்டி முழுக்க நிற்கிறது. ஒரு டிஸ்க்கை மாட்டினேன். மற்றது கையில் இருந்தது.

“அதையும் மாட்டுங்கோ முகுந்தன். பூசையில வச்சது சும்மா கிடக்கக்கூடாது” என்றார் தலைவர்.

‘இத மாட்டக்கூடாது ஐயா’ என்று சொல்ல மூன்று விநாடி போதும். நான்தான் கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குகிறவன் ஆயிற்றே. ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, எல்லோரும் என் கையையே பார்த்தார்கள், நல்ல நாளில் எதற்கு வம்பு, சாயங்காலம் கழற்றிக்கொள்ளலாம் என்று மாட்டிவிட்டேன். இரண்டு விளக்கும் பச்சையாக எரிந்தன. எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். பிறகு கீழே சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு பிள்ளைகளைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். டிஸ்க் என் நினைப்பிலேயே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு முதல் அழைப்பு வந்தது. கிள்ளானிலிருந்து ஷாமினி. மார்க்கிரட் சிஸ்டர் மகளின் பட்டமளிப்புக்காகப் பினாங்கு போயிருந்ததால் செலாயாங்கிலிருந்து ஒரு வாரத்துக்கு மாற்றலாக வந்த தாதி. நல்ல பெண். கேள்வி கேட்காமல் எதையும் செய்யமாட்டாள்.

“அண்ணே, ஸ்க்ரீன்ல என்னமோ இங்கிலீஷ்ல வந்து நிக்கிது. எல்லாத்தையும் பூட்டிட்டோம், பணம் கட்டுன்னு. வெளயாட்டா?”

விளையாட்டு இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான்கு நிலையத்துக்கும் கூப்பிட்டு, “எல்லா கேபிளையும் புடுங்குங்க, ஒன்னையும் தொடாதீங்க” என்று கத்தினேன். பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். சர்வர் அறையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த இரண்டு பச்சை விளக்குகள். இரண்டு டிஸ்க். இரண்டிலும் குங்குமப் பொட்டு அழியாமல் இருந்தது.

இம்மாதிரி நேரத்துக்கென்று நாங்கள் அழைக்கும் ரிஷி எட்டு மணிக்குப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்து சேர்ந்தான். கெட்டிக்காரன். முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டான்.

“சர்வர் போச்சிண்ணே. ரெண்டு டிஸ்க்கும் போச்சி. வந்தவன் ரொம்ப நாளா உள்ள உக்காந்துட்டுத்தான் இருந்திருக்கான். ரெண்டாவது டிஸ்க் எப்ப மாட்டுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருக்கு.” அவன் என் முகத்தைப் பார்த்தான். “ரெண்டையும் ஏண்ணே மாட்டி வச்சீங்க?”

நான் டிஸ்க்கிலிருந்த குங்குமத்தை விரலால் துடைத்தேன்.

“சரி விடுங்க. மொத வேலையா சென்டருக்கெல்லாம் சொல்லிடுங்க. டேட்டா இல்ல, வராதுன்னு. நம்ம வாயால சொன்னாத்தான் அவங்க வேற வழி பாப்பாங்க.”

அவன் சொன்னதுதான் இந்தத் தொழிலின் பாலபாடம். எனக்கும் தெரியும். அவன் கீழே கோப்பி குடிக்கப் போனான். ஒன்பது மணிக்கு ஷாமினி மறுபடியும் கூப்பிட்டாள்.

“அண்ணே, இருபத்திரண்டு பேர் உக்காந்திருக்காங்க. வெள்ளிக்கெழம செஞ்சதோட சரி, ரெண்டு பேருக்கு மூச்சு எறைக்கிது. சிஸ்டம் வருமா, வராதா? வராதுன்னா ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஆஸ்பத்திரிக்கு, டாக்டருக்கு, வீட்டுக்கு எல்லாம் போன் போட்டு ஒவ்வொருத்தரா கேட்டுக்கறேன். முடியாதவங்கள ஆம்புலன்ஸ்ல அனுப்பிடறேன். லேட்டானாலும் பரவால்ல.”

வராது என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு வார்த்தை. சொன்னால் அடுத்த கேள்வி, பேக்கப் என்ன ஆச்சு. அதற்கடுத்தது, இரண்டாவது டிஸ்க் என்ன ஆச்சு. நான்கு ஊருக்கும் நான் படித்துக் காட்டிய பாடம் என் முகத்திலேயே வந்து விழும். பயந்தேன். வேலை போய்விடும் என்றுகூட இல்லை, சிரிப்பார்களே என்று பயந்தேன். இதைவிடக் கேவலமான காரணம் இருக்குமா என்று தெரியவில்லை.

என் லேப்டாப்பில் ஒரு பட்டியல் இருந்தது. ஆகஸ்ட் மாதம் ஆண்டறிக்கைக்காக நான் சிஸ்டத்திலிருந்து இறக்கி வைத்தது. நான்கு நிலையத்து நோயாளிகள், எடை, மருந்து, எல்லாம். இரண்டு மாதத்தில் என்ன பெரிதாக மாறிவிடப்போகிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பக்கிரிசாமி ஞாபகத்துக்கே வரவில்லை. பட்டியலின் தலையில் ‘4 ஆகஸ்ட்’ என்று இருந்தது. அதை அழித்தேன்.

அழிக்கும்போது ஒரு விநாடியும் யோசிக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. வாட்சப்பில் ஷாமினிக்கு அனுப்பி, கீழே எழுதினேன்: ‘பேக்கப்பிலிருந்து எடுத்தது. இதை வைத்து ஓட்டுங்கள். மற்றது மதியத்துக்குள் வந்துவிடும்.’

‘தேங்க்ஸ் அண்ணே, கடவுள் மாதிரி வந்தீங்க’ என்று பதில் வந்தது. மற்ற மூன்று நிலையத்துக்கும் அதையே அனுப்பினேன்.

பத்து மணிக்குப் பக்கிரிசாமியை மிஷினில் போட்டிருக்கிறார்கள். என் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஹெப்பாரின் அளவு இருந்தது. ஷாமினி அதைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த பக்கத்துத் தாதியையும் பார்க்கச் சொல்லி, இரண்டு பேரும் சரி சொன்ன பிறகுதான் போட்டிருக்கிறாள். பத்து நிமிஷத்தில் அவருக்கு மூச்சு திணறியது. இடது கையைத் தூக்கியிருக்கிறார். எப்போதும் அவர் தூக்குகிற கைதானே என்று முதலில் யாரும் கவனிக்கவில்லை. அரை மணி நேரம் நெஞ்சை அமுக்கினார்கள், ஆள் பிழைக்கவில்லை. பதினொன்று ஐந்துக்கு என் போன் அடித்தது. ஷாமினி அழுதாள். பின்னால் மிஷின்கள் கத்திக்கொண்டிருந்தன.

எந்த நாற்காலி என்று கேட்டேன். ஏழு என்றாள்.

அப்போதுதான் அந்தச் சிவப்பு அட்டை நினைவுக்கு வந்தது. என் கையால் பிய்த்து, மடித்து, குப்பைக்கூடையில் போட்டது. உடனே நான்கு நிலையத்துக்கும் ‘அந்தப் பட்டியலை நிறுத்துங்கள்’ என்று செய்தி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை.

விசாரணைக் கூட்டம் மறுவாரம் வெள்ளிக்கிழமை நடந்தது. அதற்கு முன்னால் தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். ரிஷியின் அறிக்கை அவர் மேசையில் இருந்தது.

“ரெண்டு டிஸ்க்கும் பழுதுன்னு போட்டிருக்கு. அது போதும். பூசைய அதில எழுதவேண்டாம் முகுந்தன். பேப்பர்காரன் கையில கிடைச்சால் சாமியத்தான் பழி சொல்லுவான்.”

சாமிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினேன். எனக்கும் அது வசதியாகத்தானே இருந்தது.

கூட்டத்தில் ஷாமினி தன் போனை எடுத்து என் செய்தியைக் காட்டினாள். “அண்ணன் பேக்கப்லேர்ந்து எடுத்த லிஸ்ட். இதுல அவருக்கு ஹெப்பாரின் ஆகாதுன்னு இல்ல. நாங்க ரெண்டு பேரு செக் பண்ணோம்.” அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னை நம்பித்தான் அதைக் காட்டினாள்.

“எல்லாம் போயிட்டுதெண்டு அறிக்கை சொல்லுது. பிறகு லிஸ்ட் எப்படி வந்தது?” என்று தலைவர் கேட்டார்.

“முழுசா பூட்றதுக்கு முன்னால ஒரு துண்டு மிஞ்சியிருந்துச்சி ஐயா” என்றேன். பொய் சொல்லப் பழகிவிட்டால் அடுத்தது தானாக வருகிறது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்கு அவருக்குச் சுலபமாக முடிந்தது. பட்டியல் பேக்கப்பிலிருந்து வந்தது. அதில் அந்த வரி இல்லை. ஆஸ்பத்திரி கடிதம் கொடுத்திருக்கிறது, டாக்டர் சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே சிஸ்டர் சிஸ்டத்தில் போடவே இல்லை. கடிதம் இப்போது எங்கே? ஸ்கேன் செய்து கிழித்தாகிவிட்டது. ஸ்கேன் எங்கே? போய்விட்டது.

எல்லோரும் மார்க்கிரட் சிஸ்டரைப் பார்த்தார்கள். பினாங்கிலிருந்து திரும்பி இரண்டு கிலோ இளைத்திருந்தார். வெள்ளைச் சட்டைக் காலரில் சிலுவைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“நான் போட்டேன்” என்றார். பிறகு, “போட்டேன்னுதான் நெனைக்கறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க அன்னிக்கு எம்பக்கத்துல உக்காந்திருந்தீங்களே. மூணு பேருக்குப் போட்டோம். அதுல பக்கிரிசாமி இருந்தாரா? செவப்புல வர்ற மாதிரி செஞ்சி குடுத்தீங்களே, அது அவருக்குத்தானே?”

கீழே பிரிக்பீல்ட்ஸ் சாலையில் தீபாவளிக் கடைக்காரர்கள் பாட்டுப் போட்டு அலறிக்கொண்டிருந்தார்கள்.

“ஞாபகம் இல்ல சிஸ்டர்” என்றேன். “அன்னிக்கு மூணு பேருக்குப் போட்டோம். யாருன்னு ஞாபகம் இல்ல.”

அவர் மெல்ல உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபமே வரவில்லை. தன் மேலேயே சந்தேகம் வந்ததைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷம் ஓர் ஊசிகூடத் தப்பாகப் போடாத பெண்ணுக்கு, என் ஒரு வாக்கியத்தில், தன் விரல் அந்த எழுத்துகளைத் தட்டியதா இல்லையா என்று தெரியாமல் போய்விட்டது. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். தாதியர் லைசென்ஸ் பற்றி மேலிடத்துக்கு எழுதப்போவதாகத் தலைவர் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன். தின்ன முடிந்தது.

பக்கிரிசாமியின் பதினாறாம் நாள் கருமக்கிரியை தீபாவளிக்கு மறுநாள் வந்தது. அன்று காலை மார்க்கிரட் சிஸ்டர் எனக்குப் போன் செய்தார்.

“பண்டமாரான்ல அவங்க வீட்டுக்குப் போவணும் தம்பி. அவரு மக, அந்தப் புள்ளகிட்ட மன்னிப்பு கேக்கணும். ஒத்தையா போவ பயமா இருக்கு. நீங்க கார்ல கொண்டுபோய் விடுவீங்களா?”

உலகத்தில் இத்தனை பேர் இருக்க என்னைத்தான் கூப்பிட்டார். வழியில் ஒரு தடவை மட்டும், “அந்த அட்டைய ஒட்டுனது நெனவிருக்கு. அத எடுத்ததும் நெனவிருக்கு. அதுக்கப்புறம் இருட்டா இருக்கு” என்றார். கிள்ளான் நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. அட்டையை எடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. அது தன் குற்றமில்லை என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

நான்காம் மாடி அடுக்குவீடு. பக்கத்து வீட்டு வாசல்களில் எல்லாம் கோலமும் விளக்கும். அந்த ஒரு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. சடங்கு முடிந்து ஆட்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். மகள் குமுதா வெள்ளைச் சேலையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஷா ஆலாம் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். விடிகாலையில் அப்பாவை நிலையத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவாள். சுவரில் மாலை போட்ட படத்தில் பக்கிரிசாமி, பேச்சு போவதற்கு முந்தைய முகத்தோடு, ஒரு லோரியின் மேல் சாய்ந்து நின்றார்.

மார்க்கிரட் சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், குமுதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“உங்கப்பாவ நான்தாம்மா கொன்னுட்டேன். எழுத மறந்துட்டேன்.”

குமுதா அழவில்லை. கையையும் உருவிக்கொள்ளவில்லை. “நான் அந்த லெட்டர உங்க கையிலதானே சிஸ்டர் குடுத்தேன்” என்றாள். “பத்திரமா பாத்துக்குங்கன்னு சொன்னேனே.” அதைக் கேட்டதும் மார்க்கிரட் சிஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அறுபது வயதை நெருங்குகிற பெண், ஒரு வீட்டுத் தரையில், செய்யாத கொலைக்காகக் குறுகி உட்கார்ந்திருந்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நல்லவனாக மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“சிஸ்டர் எழுதுனாங்க” என்றேன்.

குமுதா அப்போதுதான் என்னைக் கவனித்தாள். “நீங்க யாரு?”

“கம்ப்யூட்டர் பாக்கறவன். சிஸ்டர் எழுதுனாங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். செவப்புல வர்ற மாதிரி நான்தான் செஞ்சி குடுத்தேன். அன்னிக்குக் காலையில நான் அனுப்பின லிஸ்ட் பழசு. ஆகஸ்ட்ல எடுத்தது. பேக்கப் இல்ல, ஒன்னுமே இல்ல. பூசையில வச்ச டிஸ்க்க மாட்டினதும் நான், எல்லாத்தையும் தொலைச்சதும் நான். அத சொல்ல பயந்துகிட்டு, தேதிய அழிச்சிட்டு அனுப்பினேன்.”

நின்றுகொண்டே, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். குமுதா ஏதாவது எடுத்து என் மேல் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையில் இருந்த எவர்சில்வர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப எழுதியிருந்தேன்” என்றார் மார்க்கிரட் சிஸ்டர். தரையிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்தார். “எழுதியிருந்தேன், இல்ல? பக்கிரிசாமின்னு எழுதி, ஹெப்பாரின் வேணாம்னு எழுதினேன். இல்ல தம்பி?”

“ஆமா சிஸ்டர்.”

“எழுதியிருந்தேன்” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார். எனக்கு அடி விழுந்த இடம் அதுதான். ஒரு சொல் திட்டவில்லை. தன் ஞாபகம் தன்னிடம் திரும்பி வந்ததற்காக அழுதார். அதை அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தவன் நான்.

“கூட்டத்துல கேட்டாங்களே” என்றாள் குமுதா என்னிடம். “சிஸ்டர் சொன்னாங்க, போன்ல. ஒங்களக் கேட்டப்ப ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களாம்.”

“ஞாபகம் இருந்திச்சி.”

அவள் உள்ளே போனாள். போலீஸுக்குப் போன் செய்யத்தான் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் மிஞ்சிப்போன கருமக்கிரியை அழைப்பிதழ் ஒன்றும் ஒரு பேனாவும் இருந்தன. அழைப்பிதழைத் திருப்பி வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி என் முன்னால் வைத்தாள்.

“இப்ப சொன்னத எழுதுங்க.”

“நாளைக்கு ஆபீஸ்ல டைப் பண்ணி, எல்லாருக்கும் ஈமெயில்…”

“வேணாம்” என்றார் மார்க்கிரட் சிஸ்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். செப்டம்பரில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரியே. “பேப்பர்ல எழுதுங்க. கையால. நான் பாக்கணும்.”

கையால் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. விஜயதசமியிலிருந்து தொடங்கினேன். இரண்டு டிஸ்க், ரிஷி சொன்னது, ஷாமினி கேட்டது, நான் அனுப்பியது. அட்டையைப் பிய்த்ததையும் எழுதினேன். கூட்டத்தில் சொன்ன பொய்யையும் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினேன். சிஸ்டர் ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டே வந்தார். குமுதா படிக்கவில்லை, படத்துக்கு முன்னாலிருந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினேன். சிஸ்டர் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என் முன்னாலேயே திரும்ப வைத்து, வலது பக்க மூலையில் விரலை வைத்தார்.

“தேதி போடுங்க தம்பி.”

பேனாவைத் திறந்து தேதி போட்டேன்.